அரச இரகசியமும் அமானிதமும்: சேர் சார்ள்ஸ் ட்ரெவெலியனின் வாழ்க்கை எழுப்பும் கேள்வி

சில மாதங்களுக்கு முன்னர் பக்கத்து ஊர்ப் பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் இஷாத் தொழுகைக்குப் பிறகு என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். விளக்கம் கோரி அனுப்பப்பட்டிருந்தது. தனது பாடசாலையில் மாணவிகளின் மலசலகூடம் உடைந்து கிடப்பதைப் படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தார். அதற்கு முன்பு மூன்று தடவை எழுத்தில் அறிவித்தும் எந்தப் பதிலும் வரவில்லையாம். முகநூலில் போட்ட நான்காம் நாளே பதில் வந்துவிட்டது. ஆனால் அது மலசலகூடத்தைப் பற்றியதல்ல, அவரைப் பற்றியது.

சேர், நான் செய்தது பிழையா என்று கேட்டார். பதிவை நீக்கிவிட்டு வருத்தம் தெரிவித்து எழுதும்படி சொன்னேன். அரச உத்தியோகத்தர் அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் கொடுக்கக் கூடாது என்பது தாபன விதிக்கோவையில் உள்ள விடயம் என்றும் விளக்கினேன். தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. சட்டப்படி சரியான ஆலோசனையைத்தான் சொன்னேன். அது நியாயமான ஆலோசனையா என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த வேளையில் ஞாபகத்துக்கு வந்தவர்தான் சேர் சார்ள்ஸ் ட்ரெவெலியன். ஆசிரிய கலாசாலையில் கல்வி வரலாறு படித்தபோது மெக்காலேயின் மச்சான் என்ற அளவில் மட்டுமே அவரை அறிந்திருந்தேன். பிறகு தேடிப் படித்தபோது, அரச இரகசியத்தைப் பத்திரிகைக்குக் கொண்டுபோவது சரியா பிழையா என்ற கேள்வி அவரது வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்திருப்பதைக் கண்டேன். மதராஸ் ஆளுநர் பதவியையே அவர் அதனால்தான் இழந்தார்.

டில்லியில் ஓர் இளைஞன்

ட்ரெவெலியன் 1807 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டோன்டன் நகரில் ஒரு கிறிஸ்தவ மதகுருவின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பனி தனது உத்தியோகத்தர்களுக்காக நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் படித்து, 1826 இல் வங்காள சிவில் சேவையில் சேர்ந்தார். அடுத்த வருடமே டில்லிக்கு அனுப்பப்பட்டார்.

அக்காலத்து டில்லியில் முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பர் ஷா செங்கோட்டைக்குள் இருந்தார். பெயர்தான் பேரரசர், உண்மையில் கம்பனி கொடுக்கும் பணத்தில் வாழ்ந்தவர். அதிகாரம் முழுவதும் ரெசிடென்ட் எனப்பட்ட கம்பனிப் பிரதிநிதியின் கையில் இருந்தது. ட்ரெவெலியன் முதலில் சார்ள்ஸ் மெட்காப் என்ற ரெசிடென்டின் கீழ் வேலை பழகினார். அவருக்குப் பின்னர் அந்தப் பதவிக்கு வந்தவர் சேர் எட்வர்ட் கோல்புறூக். நம் நாட்டின் 1833 சீர்திருத்தங்களோடு நாம் படிக்கும் கோல்புறூக் வேறு, இவர் வேறு.

இந்தக் கோல்புறூக் கம்பனியில் பல்லாண்டு சேவை செய்தவர், செல்வாக்குள்ளவர், வெள்ளையர் சமூகத்தில் எல்லோரும் மதித்தவர். அவர் இலஞ்சம் வாங்குகிறார் என்று 1829 இல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டியவர் 22 வயதான ட்ரெவெலியன். மேலதிகாரியின் மீது கீழே வேலை செய்யும் இளைஞன் குற்றம் சாட்டுவது அன்றைய ஆங்கிலேய உத்தியோகத்தர் வட்டத்தில் மன்னிக்க முடியாத செயல். டில்லியிலிருந்த வெள்ளையர்களில் பெரும்பாலோர் அவரை ஒதுக்கி வைத்தார்கள். நிரூபிக்க முடியாமல் போயிருந்தால் அவரது எதிர்காலம் அன்றோடு முடிந்திருக்கும். விசாரணை நடந்தது, குற்றச்சாட்டு நிரூபணமானது. கோல்புறூக் பதவி நீக்கப்பட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த விவகாரத்தில் ட்ரெவெலியன் பத்திரிகைக்குப் போகவில்லை. உரிய இடத்தில், உரிய முறையில், சொந்தப் பெயரில் முறைப்பாடு செய்தார். அந்த வழி அவருக்குத் திறந்திருந்தது. அவர் வெள்ளையர் என்பதும், கல்கத்தாவிலிருந்த மேலிடம் அவருக்குச் செவிசாய்த்தது என்பதும் அதற்குக் காரணங்கள். இதே குற்றச்சாட்டை டில்லிக் கடைத்தெரு வியாபாரி ஒருவர் கொண்டுபோயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

கல்கத்தா மத்ரஸாவைக் காப்பாற்றிய கசிவு

1831 இல் ட்ரெவெலியன் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே உள்நாட்டுச் சுங்க வரிகளை ஆராய்ந்து அவர் கொடுத்த அறிக்கை வங்காளத்தில் அந்த வரிகள் ஒழியக் காரணமாகியது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் பொருள் கொண்டுபோகும் சிறு வியாபாரியைச் சாவடிக்குச் சாவடி பிழிந்த வரி அது. 1834 டிசம்பரில் மெக்காலேயின் தங்கை ஹன்னாவை மணந்தார்.

மச்சான்மார் இருவரும் கல்வி விடயத்தில் ஒரே கருத்துடையவர்கள். அரச பணம் அரபு, பாரசீக, சமஸ்கிருதக் கல்விக்குச் செலவாகக் கூடாது, ஆங்கிலக் கல்விக்கே போக வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. மெக்காலே 1835 பெப்ரவரி 2 ஆம் திகதி எழுதிய பிரபலமான குறிப்பில் கல்கத்தா மத்ரஸாவை மூடிவிடும் யோசனையும் இருந்தது. 1780 இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தொடங்கப்பட்ட மத்ரஸா அது.

அந்தக் குறிப்பு அரசின் உள் ஆவணம். ஆனாலும் விடயம் வெளியே கசிந்துவிட்டது. சில நாட்களுக்குள் கல்கத்தா முஸ்லிம்கள் 8,000 க்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களோடு ஒரு மகஜரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மெக்காலே கொதித்துப் போனார். எதிர்த்தரப்பில் நின்ற ஹென்றி பிரின்செப் என்ற அதிகாரிதான் இரகசியத்தை வெளியே விட்டார் என்று அவர் சந்தேகித்தார். யார் விட்டாலும், மார்ச் 7 ஆம் திகதி வெளியான அரச தீர்மானம் ஆங்கிலக் கல்விக்கு முதலிடம் கொடுத்தாலும் மத்ரஸாவை மூடவில்லை. புதிய மாணவர்களுக்கான உதவிப்பணம் நிறுத்தப்பட்டது, நிறுவனம் பிழைத்துக்கொண்டது. இன்று கொல்கத்தாவில் இயங்கும் ஆலியா பல்கலைக்கழகம் அந்த மத்ரஸாவின் தொடர்ச்சிதான்.

இதைப் படித்தபோது நான் சற்று நிதானித்தேன். ஓர் அரச இரகசியம் வெளியே போகாமல் இருந்திருந்தால், முஸ்லிம்களுக்குத் தங்கள் மத்ரஸா மூடப்படுவது மூடிய பிறகே தெரிந்திருக்கும். அந்தக் கசிவு ஒழுங்கு விதிகளின்படி குற்றம். ஆனால் எமது சமூகத்தின் பார்வையில் அது ஒரு பேருதவி.

அதே 1835 இல், பதில் ஆளுநர் நாயகமாக இருந்த மெட்காப் பத்திரிகைகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டத்தை நீக்கினார். டில்லியில் ட்ரெவெலியனுக்கு வேலை பழக்கிய அதே மெட்காப்தான். இலண்டனிலிருந்த கம்பனி இயக்குநர்களுக்கு அது பிடிக்கவில்லை. மதராஸ் ஆளுநர் பதவி அவருக்குக் கொடுக்கப்படாமல் போனது, அவர் கம்பனி சேவையிலிருந்து விலகினார். பத்திரிகைகளின் வாயைத் திறந்தவருக்கு மறுக்கப்பட்ட அதே பதவியைப் பின்னாளில் பெற்று, அதே பத்திரிகைகளில் பேசியதால் இழந்தவர் ட்ரெவெலியன்.

அயர்லாந்தும் மறைந்திருந்த பேனாவும்

1840 இல் ட்ரெவெலியன் இலண்டனில் திறைசேரியின் உதவிச் செயலாளரானார். பெயரில் உதவி என்று இருந்தாலும் திறைசேரியின் நிரந்தர நிர்வாகத் தலைமை அதுதான். 19 வருடங்கள் அந்தக் கதிரையில் இருந்தார்.

1843 இல் அயர்லாந்துக்குப் போய்ச் சில கிழமைகள் சுற்றிப் பார்த்தார். திரும்பியதும் தான் கண்டதையும் கேட்டதையும் அரசுக்குத் தெரிவித்தார். அதோடு நிற்கவில்லை. அதே விடயத்தை மோர்னிங் குரோனிக்கிள் என்ற இலண்டன் பத்திரிகைக்குப் புனைபெயரில் கடிதங்களாக எழுதினார். உண்மையை நேசிப்பவன் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் ஒன்றின் பின்னால் மறைந்துகொண்டார். எழுதியது யார் என்பது பிரதமர் பீலுக்கும் உள்துறை அமைச்சர் கிரஹாமுக்கும் தெரிந்தபோது இருவரும் கோபப்பட்டார்கள். திறைசேரியின் உயர் அதிகாரி ஒருவர் அரசிடம் சொன்னதை அப்படியே பத்திரிகையிலும் எழுதலாமா என்பது அவர்களின் கேள்வி. பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வருடங்களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழை ஐரிஷ் குடும்பங்களுக்குச் சோறும் கறியும் எல்லாமே அந்த உருளைக்கிழங்குதான். 1845 இலிருந்து தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டே போனார்கள். நிவாரணப் பணத்தைக் கட்டுப்படுத்திய மேசை ட்ரெவெலியனுடையது.

சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது, இலவசமாகக் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. பசியில் இருந்தவர்கள் கல்லுடைத்து, வீதி போட்டுக் கூலி பெற்று, சந்தை விலைக்கு உணவு வாங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. 1847 மார்ச்சில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வேலைத்தளங்களில் இருந்தார்கள். கூலி உணவு விலையை எட்டிப்பிடிக்கவில்லை. அயர்லாந்தில் விளைந்த தானியம் கப்பல் ஏறிப் போவதும் நிற்கவில்லை. பின்னர் சூப்புக் கூடங்கள் திறக்கப்பட்டபோது, உச்ச கட்டத்தில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேர் வரை உணவு பெற்றார்கள். கொடுக்க முடியும் என்பதை அது நிரூபித்தது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தோடு அவையும் மூடப்பட்டன.

அந்த வருடம் உஸ்மானிய சுல்தான் அப்துல் மஜீத் அயர்லாந்தின் பசித்தவர்களுக்காக ஆயிரம் பவுண் அனுப்பினார் என்பது நமது மேடைகளில் அடிக்கடி பேசப்படும் வரலாறு. சுல்தானின் கொடையைப் பேசுபவர்கள், இலண்டனில் பணப் பையின் வாயைப் பிடித்திருந்தவர் யார் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பஞ்சம் இன்னும் முடியாத 1848 ஜனவரியில் எடின்பரோ ரிவியூ சஞ்சிகையில் ஐரிஷ் நெருக்கடி பற்றி ஒரு நீண்ட கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. எழுதியவர் ட்ரெவெலியன்தான். நிவாரண நடவடிக்கைகளை விவரித்து, அவற்றை நியாயப்படுத்தி, பெரும் ஆபத்து கடந்துவிட்டது என்ற தோரணையில் அந்தக் கட்டுரை அமைந்திருந்தது. பஞ்சத்தில் இறைவனின் ஏற்பாட்டைக் காணும் போக்கும் அதில் உண்டு. அதற்குப் பிறகும் மக்கள் இறந்துகொண்டே இருந்தார்கள். மூன்று மாதங்களில் ட்ரெவெலியனுக்கு சேர் பட்டம் கிடைத்தது.

பழி முழுவதையும் ஒரே அதிகாரியின் தலையில் போடுவது நியாயமாகாது. பிரதமர் ரஸலும், நிதியமைச்சர் சேர் சார்ள்ஸ் வூட்டும் அந்தக் கொள்கையின் பங்காளிகளே. ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியது ட்ரெவெலியனின் பேனா. மத்ரஸாவைக் காப்பாற்றிய கசிவு குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தது. இந்தக் கட்டுரையில் அதிகாரமே தனக்குத்தானே சாட்சி சொல்லிக்கொண்டது. கால்வேயில் பசியோடு இருந்த தாய்க்கு எடின்பரோ ரிவியூவில் பதில் எழுத இடம் கிடைக்காது.

மதராஸில் வந்த மோதல்

1853 இல் ஸ்டாஃபர்ட் நோர்த்கோட்டும் ட்ரெவெலியனும் சேர்ந்து சிவில் சேவை பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். சிபாரிசிலும் குடும்பச் செல்வாக்கிலும் உத்தியோகம் கொடுக்கக் கூடாது, போட்டிப் பரீட்சையில் தெரிவு செய்ய வேண்டும், திறமைப்படி பதவியுயர்வு கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாம் இன்று எழுதும் போட்டிப் பரீட்சைகளின் பரம்பரையைத் தேடிப்போனால் இந்த அறிக்கையில்தான் போய் நிற்க வேண்டும். அரசாங்கம் மாறினாலும் மாறாத, கட்சி சாராத உத்தியோகத்தர் சேவை என்ற எண்ணமும் அங்கிருந்து வளர்ந்ததே. அப்படிப்பட்ட உத்தியோகத்தர் அடக்கமாக இருக்க வேண்டும், தனது கருத்தை அமைச்சரிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்பது பிற்காலத்தில் அதன் எழுதாத விதியானது. அந்தச் சேவைக்கு வரைபடம் போட்டவரே அந்த விதிக்கு அடங்காதவராக இருந்தார். 1857 பெருங்கிளர்ச்சியின்போதும் இந்தியா பற்றி லண்டன் டைம்ஸில் புனைபெயரில் கடிதங்கள் எழுதினார். இந்த முறை இந்தியாவின் நண்பன் என்று பொருள்படும் பெயர்.

1859 இல் அவர் மதராஸ் ஆளுநராக நியமிக்கப்பட்டார். மக்களோடு பழகினார், பொலிஸ் சேவையைச் சீர்திருத்தினார், நகர மக்கள் காற்று வாங்கப் பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவை உருவாக்கினார். குறுகிய காலத்தில் நல்ல பெயர் எடுத்தார்.

அதே நேரம் இந்திய அரசின் கஜானா காலியாகியிருந்தது. கிளர்ச்சியை அடக்கிய செலவு அரசைக் கடனில் தள்ளியிருந்தது. நிலைமையைச் சரிசெய்ய இலண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் அனுப்பப்பட்டார். எக்கொனமிஸ்ட் பத்திரிகையை 1843 இல் தொடங்கியவர் அவர். முன்பு திறைசேரியில் ட்ரெவெலியனோடு வேலை செய்தவரும்கூட. வில்சன் 1860 பெப்ரவரியில் இந்தியாவின் முதலாவது வரவு செலவுத் திட்டத்தை வைத்தார். மூன்று புதிய வரிகள் முன்மொழியப்பட்டன. வருமான வரி, தொழில் செய்வோருக்கும் வியாபாரிகளுக்கும் உரிம வரி, புகையிலை வரி. ஆண்டு வருமானம் 200 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்குள் இருந்தால் நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் நூற்றுக்கு நான்கு என்பது வருமான வரியின் கணக்கு.

காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் அன்று மதராஸ் மாகாணத்து ஊர்கள். நமக்கும் அந்த ஊர்களுக்கும் உள்ள வியாபார, திருமண உறவுகளைச் சொல்லத் தேவையில்லை. நெசவாளர், கடைக்காரர், சிறு வியாபாரி எல்லோரும் இந்த வரிகளுக்குள் வருவார்கள்.

ட்ரெவெலியன் எதிர்த்தார். கிளர்ச்சியில் பங்கெடுக்காத மதராஸ் மக்கள் மீது, அவர்களின் வழக்கத்துக்கு ஒவ்வாத வரிகளைச் சுமத்துவது அநியாயம், ஆபத்தும்கூட என்றார். பற்றாக்குறையை மூட வேண்டுமானால் படைச் செலவைக் குறைக்க வேண்டும் என்றார். 1860 மார்ச் 20 ஆம் திகதி இதை விரிவான குறிப்பாக எழுதினார். இதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தன. ஓர் ஆளுநர் மத்திய அரசோடு கருத்து வேறுபடலாம். அதை எழுத்தில் அனுப்பலாம். இலண்டனுக்கும் முறையிடலாம்.

ஆனால் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குறிப்பு மதராஸ் பத்திரிகைகளில் வெளிவந்துவிட்டது. மத்திய அரசின் வரி கெட்டது என்று ஒரு மாகாண ஆளுநரே சொல்வதைக் கடைத்தெருவில் நின்று மக்கள் வாசித்தார்கள்.

கல்கத்தாவில் அதிர்ச்சி. கிளர்ச்சி அடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வரி கட்டாதே என்று மக்கள் கிளம்பினால் ஆளுநரின் எழுத்தே அவர்களுக்கு ஆயுதமாகும் என்று மத்திய அரசு பயந்தது. அந்தப் பயத்தின் பொருள் இலங்கையருக்கு எளிதில் விளங்கும். 1848 இல் டொரிங்டன் ஆளுநரின் துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி, வீதி வரிகளுக்கு எதிராக மக்கள் கிளம்பியபோது, கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையில் டொக்டர் கிறிஸ்டோபர் எலியட் முன்னெடுத்த எழுத்துகளும் அதற்கு உரமிட்டன. எலியட் ஓர் ஐரிஷ்காரர். மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. அடக்குமுறை கடுமையாக இருந்தது. கடைசியில் டொரிங்டனும் பதவியை விட்டுப் போக நேர்ந்தது.

1860 மே மாதம் இலண்டன் முடிவெடுத்தது. ட்ரெவெலியனைத் திருப்பியழைக்கும் உத்தரவை இட்டவர் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் சேர் சார்ள்ஸ் வூட். ஐரிஷ் பஞ்ச காலத்தில் நிதியமைச்சராக இருந்த அதே வூட். ட்ரெவெலியனின் திறமையிலும் நேர்மையிலும் அவருக்குச் சந்தேகமில்லை. கருத்து வேறுபட்டதும் குற்றமல்ல. அதைச் சந்தியில் வைத்ததே குற்றம் என்பது அவரது நிலைப்பாடு. ஜூன் மாதம் ட்ரெவெலியன் மதராஸை விட்டுப் போனார்.

இலங்கையிலிருந்து போன ஆளுநர்

அவரது இடத்துக்கு அனுப்பப்பட்டவர் நமக்குத் தெரிந்தவர். 1855 இலிருந்து இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட். கொழும்பு வார்ட் பிளேஸ் அவரது பெயரில்தான் இருக்கிறது. கிழக்கு மாகாண விவசாயிகளுக்கு அவர் இன்னும் நெருக்கமானவர். 1856 நீர்ப்பாசனச் சட்டமும் இறக்காமம், அம்பாறைக் குளங்களின் புனரமைப்பும் அவரது காலத்தவை. ட்ரெவெலியனின் கடிதங்களால் காலியான கதிரைக்கு அவர் 1860 ஜூலையில் போனார். ஒரு மாதம்தான். ஆகஸ்ட் 2 ஆம் திகதி மதராஸில் கொலரா அவரைக் கொண்டுபோனது. ஒன்பது நாட்களின் பின் கல்கத்தாவில் வில்சனும் வயிற்றுளைவால் இறந்தார். சண்டைக்குக் காரணமான வரவு செலவுத் திட்டத்தைப் போட்டவரும், அந்தச் சண்டையால் இடம் மாறி வந்தவரும் போய்விட்டார்கள். சண்டை போட்டவர் இலண்டனில் இருந்தார்.

அவரது கதை அங்கு முடியவில்லை. 1863 இல் அவர் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தார். எந்தப் பதவிக்கு? வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்புக்கு. வூட் அமைச்சராக இருக்கும்போதே அது நடந்தது. உரிம வரியும் புகையிலை வரியும் அதற்குள் கைவிடப்பட்டிருந்தன. ஐந்து வருடக் காலத்துக்கென்று போடப்பட்ட வருமான வரி 1865 இல் ட்ரெவெலியனின் கையாலேயே காலாவதியாக விடப்பட்டது. எதிர்த்ததற்காகப் பதவி இழந்தவர், தான் எதிர்த்ததை முடித்துவைத்தார். 1886 ஜூன் 19 ஆம் திகதி இலண்டனில் இறந்தார். இந்தியாவில் வருமான வரி நிரந்தரமாகத் திரும்பி வந்ததும் அதே 1886 இல்தான்.

இன்று மதராஸில் அவரை நினைப்பவர் குறைவு. அயர்லாந்தில் அவர் பெயர் தெரியாதவர் குறைவு. அங்கு விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும் ஒரு பாட்டில், பஞ்ச கால அநியாயத்தின் அடையாளமாக அவர் பெயர் வருகிறது.

நான் திருத்திக்கொண்ட பதில்

அந்த இளம் ஆசிரியரின் கேள்விக்கு இந்த வாழ்க்கையில் விடை இருக்கிறதா?

இஸ்லாத்தில் பதவி ஓர் அமானிதம். இதை நாம் அடிக்கடி சொல்கிறோம். ஆனால் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது எது என்று கேட்பதில்லை. காரியாலயத்தின் கடிதக் கோவையா? அந்தக் கோவையில் யாருடைய வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறதோ அந்த மனிதர்களா? இரண்டும்தான் என்பேன். சபையில் பேசியதைச் சந்தியில் சொல்வது அமானிதத்தை மீறுவது. அநியாயம் நடப்பதைத் தெரிந்துகொண்டு வாய்மூடி இருப்பதும் அமானிதத்தை மீறுவதுதான். இரண்டும் மோதும்போது எதைத் தெரிவது என்பதே சிக்கல்.

ட்ரெவெலியனின் நான்கு சந்தர்ப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டில்லியில் உரிய கதவைத் தட்டினார், சொந்தப் பெயரில் நின்றார், தோற்றால் அழிவதற்கும் தயாராக இருந்தார். 1843 இல் கதவு திறந்திருந்தும், முகத்தை மறைத்துக்கொண்டு ஜன்னலால் கல் எறிந்தார். 1848 இல் பெயரில்லாமல் எழுதித் தனது செயலையே தான் நியாயப்படுத்தினார். மதராஸில் மக்களுக்காகப் பேசினார், சொந்தப் பெயரில் பேசினார், தண்டனையையும் ஏற்றார். ஆனால் முறையான வழி முடிந்துபோகும் வரை பொறுக்கவில்லை. அவரது காரணம் சரி என்று நினைக்கிறேன். ஆனால் வூட் செய்ததும் முழுக்கப் பிழையில்லை. ஆளுநர்கள் எல்லோரும் தமது கருத்தைக் கடைத்தெருவில் வைக்கத் தொடங்கினால் ஓர் அரசு நடக்க முடியாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆளுநர் விதியை மீறினால் மூன்று வருடத்தில் நிதிப் பொறுப்பாளராகத் திரும்பி வரலாம். அவரிடம் பட்டம் இருந்தது, உறவு இருந்தது, இலண்டனில் நண்பர்கள் இருந்தார்கள். மாகாணக் கச்சேரியில் இருந்த ஒரு எழுதுவினைஞர் அதே குறிப்பைப் பத்திரிகைக்குக் கொடுத்திருந்தால் அவரது பெயர்கூட நமக்குத் தெரிய வந்திருக்காது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அது விழும் பாரம் ஆளுக்கு ஆள் வேறு. இன்றும் மேலே இருப்பவர் இரகசியத்தை வெளியிட்டால் அதற்கு ஊடக மாநாடு என்று பெயர். கீழே இருப்பவர் வெளியிட்டால் விளக்கம் கோரும் கடிதம் வருகிறது.

அந்த இளம் ஆசிரியர் மூன்று தடவை எழுத்தில் அறிவித்திருந்தார். சொந்தப் பெயரில் பதிவு போட்டார். தனக்காக எதையும் கேட்கவில்லை. பாடசாலை விட்டு வீடு போகும் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகளுக்காகக் கேட்டார். அவர் வெளியிட்டதில் இரகசியம் என்று ஒன்றும் இருக்கவில்லை. உடைந்த கதவை ஊரே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ட்ரெவெலியனின் நான்கு சந்தர்ப்பங்களில் எதையும்விட இவரது வழக்கு வலுவானது. பதிவை நீக்கச் சொன்ன நான், அந்த மூன்று கடிதங்களின் பிரதிகளையும் கொண்டுவாருங்கள், விளக்கக் கடிதத்தோடு அவற்றையும் இணைத்து அனுப்புவோம் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது அவரைச் சந்தித்து இதைச் சொன்னேன். பிரதிகள் பத்திரமாக இருக்கின்றன சேர் என்றார். இருவரும் உட்கார்ந்து எழுதினோம். கல்கத்தா முஸ்லிம்கள் செய்ததுபோல் பெற்றோரின் கையொப்பங்களோடு ஒரு மகஜரும் தயாராகிறது. அதற்குப் பதில் வரும் வரை காத்திருப்போம். வராவிட்டால் அடுத்த கடிதத்தில் எனது பெயரும் இருக்கும்.